கூடத்துக்கு எந்த பல்பு

செவ்வாய், இரவு

நாளை மாலை மகளைப் பெண் பார்க்க வல்லத்திலிருந்து வருகிறார்கள். கூடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று பஜாரில் வெள்ளை எல்இடி பல்பு வாங்கி மாட்டினேன். ஒட்டடை, சுவர் ஓதம், என் தலைச்சாயம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"இன்னாங்க, ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது. மஞ்சளா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, பொண்ணு நல்ல நெறமா தெரிவா" என்றாள் மனைவி.

திரும்ப ஓடினேன். கடைக்காரர் மஞ்சள் பல்பை ஹோல்டரில் போட்டுக் காட்டினார். அந்த வெளிச்சத்தில் அவரே மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

வீட்டில் அதை மாட்ட ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மகள், "வெள்ளையே இருக்கட்டும் நைனா. அவரு மூஞ்சி எனக்கு நல்லா தெரியணும்" என்றாள்.

இறங்கிவிட்டேன். மனைவி ஒட்டடை அடிக்கிறாள். மஞ்சள் பல்பை பாத்ரூமில் மாட்டினேன். அங்கே கண்ணாடியில் நான் நல்ல நிறமாகத்தான் இருக்கிறேன்.