திங்கட்கிழமைத் தக்காளி சூப்

செப்டம்பர் 5, செவ்வாய்

ருசி பார்க்க எட்டுப் பேர். ஒருவன் சிகரெட்டை அணைத்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்தான். ஒருத்தி பூசியிருந்த சென்ட்டில் அறையே மூச்சடைத்தது. இந்த நாக்குகளை வைத்துக்கொண்டு நான் இறைச்சியின் தரம் பார்க்க வேண்டும். கண்றாவி.

மீன் எண்ணெய் கலந்த புதுத் தீவனம் தின்ற முதல் கோழிகள். எங்கள் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் கோழி வளர்க்கும் யாத்விகா அம்மாளின் பண்ணையில் மட்டும்தான் கொடுத்தோம். தோலுரித்த நெஞ்சுக்கறியைச் சுட்டு, ஆவி பறக்க வைத்தேன். எட்டுப் பேரும் நல்லா இருக்கு என்றார்கள். தீவனம் சரி என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்று உறுத்துகிறது. வெட்டுக்கு முந்தைய பத்து நாள் மீன் எண்ணெயை நிறுத்த வேண்டும். இயக்குநர் வோலன்ஸ்கி விடவில்லை. "நிறுத்தினா ஒமேகா-3 அளவு எறங்கிடும். அப்புறம் பாக்கெட் மேல என்னத்த அச்சடிக்கிறது, உன் மூஞ்சியையா?" கொழுப்பு கெடாமலிருக்க வைட்டமின் ஈயாவது கூட்டச் சொன்னேன், அதுவும் இல்லை.

சரி, ருசியில் குறை இல்லையே. பிறகென்ன?

செப்டம்பர் 11

மீன் எண்ணெய்ப் பீப்பாயைத் திறந்தபோது போட்டிருந்த சட்டையை மூன்று முறை துவைத்தாயிற்று. நாற்றம் போகவில்லை. எறிந்துவிட்டேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

பதினேழு புகார். "கோழிதான் வாங்கினேன், வீடெல்லாம் செத்த மீன் நாத்தம்." ஒரு அம்மாள் மிச்சத்தை டப்பாவில் அடைத்து அனுப்பியிருக்கிறார். திறந்தவன் நான். சீ—

வோலன்ஸ்கி அசரவில்லை. "எல்லாம் ஒரே கொட்டகைக் கோழி. தீவனத்துல குத்தம் இல்லன்னு நீயே எழுதிக் குடுத்துட்ட. அப்ப அந்தம்மா கொட்டகைதான் நாறுது. போய்ப் பாத்து எழுதிட்டு வா. ஒப்பந்தத்த முடிச்சிரலாம்."

யாத்விகாவுக்கு இருப்பது அந்த ஒரே கொட்டகை. எங்கள் குஞ்சு வராவிட்டால் பூட்ட வேண்டியதுதான். அதற்கு என் அறிக்கைதான் ஆதாரம்!

அக்டோபர் 2, திங்கள்

கொட்டகையில் இரண்டு மணி நேரம் குறை தேடினேன். தரையில் பரப்பிய வைக்கோல் காய்ந்திருக்கிறது. விசிறி எல்லாம் ஓடுகிறது. தண்ணீர்க் குழாய் சுத்தம். சூரோமின் வட்டாரத்தில் இதைவிட நல்ல கொட்டகையை நான் பார்த்ததில்லை.

"இன்ஜினியர் சார், கொட்டகைய மோந்தது போதும்," என்றார் யாத்விகா. "அடுப்படிக்கு வந்து மோந்து பாருங்க."

அந்தத் தீவனம் தின்ற கோழிகளில் சிலவற்றை வீட்டுக்கென்று உறைபெட்டியில் வைத்திருந்தாராம். நேற்று ஒன்றைத் தோலும் கழுத்துமாக முழுசாய்ப் போட்டு சூப் வைத்திருக்கிறார். "நேத்து அமிர்தம். எங்க வீட்டுக்காரர் மூணு தட்டு குடிச்சாரு." மிச்சத்தில் இன்று தக்காளியும் புளிப்புக் கிரீமும் சேர்த்து மறுபடி கொதிக்க வைத்து என் முன்னால் வைத்தார்.

ஒரு கரண்டி. பழைய பெயிண்டும் மீன் செதிலும் கலந்த மாதிரி. அவர் மேசைத் துணியிலேயே துப்பினேன்.

"ஞாயித்துக்கிழமை கோழி சூப்பு, திங்கக்கிழமை அதுலயே தக்காளி. உங்க வீட்ல வேற மாதிரியா சார்?"

இல்லை. எங்கள் வீட்டிலும் அதேதான். இருபத்தெட்டு வருஷமாக அதைத்தான் குடிக்கிறேன்.

மீன் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களைக் காற்று சீக்கிரம் கெடுக்கும். வெந்த கறியை ஒரு நாள் வைத்துத் திரும்பச் சூடாக்கினால் இன்னும் மோசம். பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அப்புறம் என்னடா பண்ணினே? கொழுப்பே இல்லாத நெஞ்சுக்கறியை, தோலை உரிச்சு, சுடச்சுடக் கொடுத்தே. இந்த ஊர்ல எவன்டா கோழிய அப்படித் திங்கிறான்?

அந்த சிகரெட்காரன் மேல் எனக்கு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது.

அக்டோபர் 4

அந்த சூப்பை டப்பாவில் கொண்டுபோய் வோலன்ஸ்கி மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போ."

"ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லுங்க சார்."

"இத பாரு ராடெக். உன் அறிக்கை தப்புன்னு நீயே எழுதினா, அன்னிக்கே நீ வெளிய. ஒரு கெழவியோட கொட்டகைக்காக எதுக்குடா இது?"

யாத்விகாவுக்கு வயது நாற்பத்தெட்டுதான் என்றேன். 

அக்டோபர் 5

எழுதிவிட்டேன். கொட்டகையில் குறை இல்லை. எண்ணெயைக் கடைசி நாள் வரை கொடுத்தது தவறு. சோதனையும் தவறு, செய்தவன் நான். நம் கோழியை வாங்கும் கடைகளுக்கும் பிரதி போயிற்று. இல்லாவிட்டால் வோலன்ஸ்கி குப்பையில் போட்டுவிடுவார்.

 

அக்டோபர் 6

மதியத்துக்குள் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். பத்து நிமிஷம் போதுமாக இருந்தது.

நவம்பர் 8, புதன்

யாத்விகாவின் ஒப்பந்தம் முறியவில்லை; அவர் கொட்டகைக்கு இன்று கம்பெனியிலிருந்து முப்பதாயிரம் குஞ்சுகள் வந்தன. ஆள் பற்றவில்லை என்று காலையில் போன் செய்தார். போனேன்.

லாரிக்காரன் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன சார், சோதனையா?" என்றான்.

"கூலிக்கு," என்றேன்.

அவன் சிரித்தான். யாத்விகா சிரிக்கவில்லை. ஒரு பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"சாய்க்காம தூக்குங்க. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து செத்துரும்."