அரிசிப் பீப்பாவின் அடியில் ஒரு குட்டான்

அம்மா,

இன்று காலை அரிசிப் பீப்பாவின் அடி தெரிந்தது. நீங்கள் போன இந்த ஒன்றரை வருடத்தில் இதுதான் முதல் தடவை. புது மூடை வந்ததும் பழைய அரிசியின் மேலேயே கொட்டிவிடுகிற என் சோம்பல் உங்களுக்குத் தெரியும். இந்த முறை மூடை வரப் பிந்திவிட்டது. அரிசி அளக்கிற சுண்டோடு கையை ஆழ விட்டுத் துழாவியபோது ஏதோ ஓலை தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் கையளவு பனையோலைப் பெட்டி, ஒரு பனங்கட்டிக் குட்டான். ஓலை நிறம் மங்கியிருந்தாலும் உள்ளே இருந்தது கெட்டுப்போகவில்லை. மணந்து பார்த்தேன். அப்படியே பீப்பாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். ஆறு மாத வயிற்றோடு நிலத்தில் இருந்தால் எழும்புவது பெரும்பாடு. எழும்ப மனமும் வரவில்லை.

ஓம் அம்மா, ஆறு மாதம். உங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் சாப்பாடு ஒளித்து வைக்காத இடம் இந்த வீட்டில் எது? சாமிப்படத்துக்குப் பின்னால் பிஸ்கட், அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே எள்ளுருண்டை, அரிசிக்குள் பனங்கட்டி. "எங்கடை வீட்டிலை எலிக்கும் பசி வராது" என்று அப்பா இருந்த காலத்தில் பகிடி பண்ணுவார். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள்.

காரணத்தை ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள். சண்டைக்குப் பயந்து ஊரோடு வெளிக்கிட்டுக் கொடிகாமம் வரை நடந்தபோது நான் உங்கள் வயிற்றில் நாலு மாதம். யாரோ ஒருவருடைய தென்னங்காணியில் தறப்பாளைக் கூரையாகக் கட்டி இருந்தீர்கள். காலையில் கஞ்சி, அதற்குப் பிறகு கிடைத்தால் உண்டு. காணிக்காரப் பெண் இரங்கி ஒரு குட்டான் பனங்கட்டி தந்தாவாம். வெறும் தேத்தண்ணியோடு ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்து, அந்த ஒன்றை ஐந்து நாள் தின்றிருக்கிறீர்கள். "உனக்காகத்தான் பிள்ளை தின்னனான்" என்றீர்கள். நான் பிறந்தபோது பூனைக்குட்டி அளவுதான் இருந்தேனாம்.

அந்தப் பூனைக்குட்டியை ஆளாக்க நீங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. போதும் என்று நான் கையால் சோற்றுக் கோப்பையை மறைப்பேன். விரல் இடுக்கால் சோறு விழும். "வெறுவயித்தோடை ஒருத்தரும் படி இறங்கக் கூடாது" என்பது உங்கள் சட்டம். அரைவயிற்றோடு இறங்கவும் நீங்கள் விட்டதில்லை.

இருபத்தேழு வயதில் எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரிந்தது. குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் இல்லாத வருத்தம். கிளினிக்கில் இருந்த டொக்டர் அம்மா என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டா. பிறகு, எங்கே பிறந்தனீங்கள், எவ்வளவு நிறை இருந்தனீங்கள் என்றும் கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாம் வகுப்புக்குப் பரம்பரை அலகுகளைப் படிப்பிக்கிறவள் நான். பட்டாணிச் செடியில் நெட்டை, குட்டை என்று வருடா வருடம் கரும்பலகையில் கட்டம் கீறுகிறவள். அலகில் இல்லாதது பிறந்த நிறையால் எப்படி வரும் என்று கேட்டேன்.

"அலகிலை இருக்கிற எழுத்து மாறாது ரீச்சர்," என்றா அவ. "புத்தகத்திலை எந்தப் பக்கத்தைத் திறக்கிறது, எதை மூடி வைக்கிறது எண்டதுதான் மாறும். வயித்துக்குள்ளை பசி கிடந்த பிள்ளையின்ரை உடம்பு, வெளியிலையும் பஞ்சம்தான் எண்டு நினைச்சு, கிடைக்கிறதைச் சேர்த்து வைக்கப் பழகிப்போடும். பிறகு நிறையச் சாப்பாடு வந்தால் அந்த உடம்பு தடுமாறிப்போகும். எல்லாருக்கும் அப்பிடி வாறேல்லை. உங்களுக்கு அது ஒரு காரணமாய் இருக்கலாம்."

அவ இன்னும் கொஞ்சம் சொன்னா. நான் அதற்குள் பையைத் தோளில் கொழுவிவிட்டேன்.

அன்று பஸ் கிடைக்காமல் வெயிலில் நடந்து வந்தேன். நீங்கள் தேத்தண்ணியும் பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வைத்திருந்தீர்கள். வருத்தம் பற்றி ஏற்கனவே தொலைபேசியில் சொல்லியிருந்தேனே என்று கோபம் வந்தது.

"சீனி ஒரு துளியும் போடேல்லை பிள்ளை. இது பனங்கட்டிதானே, ஒண்டும் செய்யாது" என்றீர்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பனையில் இருந்து வருவது மருந்து, கடையில் இருந்து வருவதுதான் சீனி.

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பட்டினி கிடந்து பெத்தீங்கள். பிறகு தீத்தித் தீத்தி வளர்த்தீங்கள். ரெண்டும் சேர்ந்துதான் எனக்கு இந்த வருத்தம். டொக்டரே சொல்லிப்போட்டா."

நீங்கள் அந்தப் பனங்கட்டித் துண்டைத் திரும்ப எடுத்தீர்கள். "அப்ப நான்தானே பிள்ளை?" என்று கேட்டீர்கள். நான் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு ஒருநாளும் நீங்கள் எனக்குச் சோறு போடவில்லை. "மேசையிலை மூடிக் கிடக்கு, அளவாய்ப் போட்டுச் சாப்பிடு" என்றுவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாக இருந்தது. எட்டு மாதம் அப்படி வசதியாகச் சாப்பிட்டேன். பிறகு ஒரு காலை நெஞ்சு நோகுது என்று சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் உங்களுக்குப் படைத்துவிட்டு இருந்தபோது சின்னம்மா சொன்னா: "அக்கா கடைசியாய் என்னட்டை வந்து ஒரே அழுகை. அண்டைக்கு எங்கையாவது போய் இரந்தெண்டாலும் சாப்பிட்டிருக்கலாம், வெக்கப்பட்டுப்போய் இருந்திட்டன், அதுதான் பிள்ளைக்கு வருத்தம் எண்டவ."

களைப்பாக இருக்கிறது அம்மா. நாளுக்கு நாலு தரம் விரலில் குத்துகிறேன், ஊசி போடுகிறேன், சோற்றை அளக்கிறேன். போன கிழமை அதே டொக்டரிடம், என் வருத்தம் இந்தப் பிள்ளைக்கும் போகுமா என்று கேட்டேன்.

"அதை ஒருத்தராலும் உறுதியாய்ச் சொல்லேலாது," என்றா. "ஆனால் அது கல்லிலை வெட்டின எழுத்து இல்லை. சாப்பாடு, நடை, நித்திரை, மன ஆறுதல், இதுகளாலை கனக்க மாறும். முந்தியே சொன்னனான் ரீச்சர். அம்மாட்டையும் சொல்லச் சொன்னனான் எல்லோ."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பையைக் கொழுவிக்கொண்டு நின்ற என்னிடம் அவ சொன்ன மிச்சம் இது: "இது தாயின்ரை பிழை இல்லை. அந்தச் சாப்பாட்டிலையும் ஒரு பிள்ளையை உயிரோடை பெத்தெடுத்தவ. அதைப் போய் அவவிட்டைச் சொல்லுங்கோ."

நான் உங்களுக்குச் சொன்னது முதல் பாதியை மட்டும்தான். இதுதான் மற்றப் பாதி. சொல்லச் சொல்லித்தான் விட்டவ. நான் சொல்லவில்லை.

குட்டானைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். உங்கள் கடைசித் தைப்பொங்கலுக்கு இந்தப் பீப்பாவை நீங்கள்தான் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தீர்கள். நான் அப்படிக் கதைத்து ஐந்து மாதம் கழிந்திருந்தது. ஆகவே இது அதற்குப் பிறகு வைத்தது. அவ்வளவும் கேட்ட பிறகும், எனக்கு எப்போதாவது பசிக்கும் என்றுதான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள்.

என் பிள்ளைக்கு நான் அளந்துதான் சோறு போடுவேன். ஆனால் என் கையால் போடுவேன்.

மத்தியானம் மூடை வந்தது. கொட்ட வந்தவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னேன். எனக்கு இந்தப் பனங்கட்டி ஆகாது, பிள்ளைக்கு இது ஒருநாளும் தேவைப்படவும் கூடாது. என்றாலும் வெறும் பீப்பாவில் அரிசி கொட்டவிட எனக்கு மனம் வரவில்லை. குனிய முடியாமல் குனிந்து, குட்டானை அடியிலேயே திரும்ப வைத்தேன்.