காப்பி அரைக்கும் மிஷின் விஷயமாக

கோயம்புத்தூர்
10.6.2024

அன்புள்ள அத்தைக்கு, பிளெஸ்ஸி வணக்கத்துடன் எழுதுவது.

உறையைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். முப்பத்தைந்து வருஷம் போஸ்ட் ஆபீஸில் இருந்தவர் ஒரு கடிதத்தைப் படிக்காமல் கிழிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். எங்கள் கல்யாணத்தன்று, "அந்தப் பொண்ணோட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று சொன்னீர்கள். மூன்று வருஷமாகக் காப்பாற்றியும் வருகிறீர்கள். அதற்கு ஒரு பங்கமும் வராது. இது பேச்சில்லை, எழுத்துதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் பையன் வழக்கம்போல உங்களோடு போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அறந்தாங்கியில் நீங்கள் தூள் வாங்குகிற கடையை மூடிவிட்டார்கள் என்றும், பாக்கெட் தூள் காப்பி கழனித்தண்ணி மாதிரி இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அவர், "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா" என்று முடித்துவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

வறுத்த கொட்டை தபாலிலேயே வரும். அரைக்க ஒரு கரண்ட் மிஷின் இருந்தால் போதும். நான் வேலை பார்ப்பது மோட்டார் கம்பெனியில், செக்கிங் பிரிவில். எது உழைக்கும், எது ஏமாற்றும் என்று சொல்ல முடியும். தினம் எத்தனை காப்பி, எவ்வளவு பெரிய பில்டர் என்று எழுதுங்கள்.

பிளெஸ்ஸி


ஆவுடையார்கோவில்
15.6.2024

பிளெஸ்ஸிக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. பின்கோடு தப்பு, கடைசி எண் எட்டு. போஸ்ட்மேன் எனக்குத் தெரிந்தவர் என்பதால் வந்து சேர்ந்தது.

அம்மாவும் பிள்ளையும் பேசுவதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது நல்ல பழக்கமா? நான் இப்படிக் கேட்டதாக அவனிடம் சொல்லாதே. நாம் எழுதிக்கொள்வதும் சிவபிரகாஷுக்குத் தெரிய வேண்டாம்.

அந்தக் கடையில் கடைசியாக வாங்கி வைத்த கொட்டையை மிக்சியில் அரைத்துப் பார்த்தேன். பாதி மாவு, பாதி நொய். கூடவே சட்னி வாசனை. பக்கத்து வீட்டுப் பிரகதீஸ்வரி ஒரு வாய் குடித்துவிட்டு, "அக்கா, இது காப்பியா ரசமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குக் காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. அவள் வந்தால் இன்னொன்று. பில்டர் பித்தளை, சின்னதுதான்.

எது என்று நீ சொல். வாங்குவது நான்.

அமுதவல்லி


கோயம்புத்தூர்
19.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

பின்கோடை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். (உள்பக்கம்தான். அவர் கண்ணில் படாது.)

மிஷினில் இரண்டு வகை. ஒன்றில் கத்தி சுற்றும். விலை குறைவு, அடக்கமாக இருக்கும். ஆனால் அது உங்கள் மிக்சிக்குத் தங்கச்சி. அதே மாவு, அதே நொய். வேண்டாம். இன்னொன்றில் இரண்டு பல்சக்கரம் இருக்கும், திருகை மாதிரி. கொட்டை இடையில் விழுந்து நசுங்கி ஒரே அளவாகத் தூளாகும். வெளியே எண் போட்ட வளையத்தைத் திருப்பினால் நைசாகவோ கொரகொரப்பாகவோ வரும். பெட்டியில் 'பர் கிரைண்டர்' என்று போட்டிருக்கும். ஸ்டீல் பல்லாக இருக்கட்டும். பீங்கான் பல் சூடாகாது என்பார்கள், ஆனால் கொட்டையோடு சின்னக் கல் வந்தாலும் தெறித்துவிடும்.

உங்கள் பதில் வரும் முன்பே, சனிக்கிழமை ஒரு கடையில் நாலு மிஷினை ஓடவிட்டுக் கேட்டேன். ஒன்று மேடு ஏறுகிற டவுன் பஸ் மாதிரி கத்தியது. ஒன்று தூளைச் சுற்றிலும் துப்பியது. மூன்றாவது அரை நிமிஷத்தில் கை வைக்க முடியாத சூடு. நாலாவதன் படத்தையும் பெயரையும் இதோடு வைத்திருக்கிறேன். கடைக்காரர், "நீங்க வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றார். மாமியாருக்கு என்றேன். உடனே நாலாவதையும் ஓடவிட்டார்.

பிளெஸ்ஸி


ஆவுடையார்கோவில்
4.7.2024

பிளெஸ்ஸிக்கு,

மிஷின் வந்தது. ஆயிரக்கணக்கான பார்சலுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன். என் பெயருக்கு வந்த முதல் பார்சல் இதுதான். கொட்டை மறுநாள் வந்தது. ஆனால் நீ சொன்ன மிஷின் சரியில்லை.

பவுடர் மாதிரி நைசாக அரைத்தேன். வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஆகியும் பில்டரில் ஒரு சொட்டு இறங்கவில்லை. தட்டினேன், குலுக்கினேன். பிரகதீஸ்வரி காத்திருந்து பார்த்துவிட்டு, "நான் வீட்டுல போய் டீயே குடிச்சுக்கிறேங்க்கா" என்று போய்விட்டாள். தூளும் காந்தம் வைத்த மாதிரி டப்பாவில் ஒட்டிக்கொள்கிறது. இதற்குத்தானா நாலு மிஷினை ஓடவிட்டுக் கேட்டாய்?

அமுதவல்லி


கோயம்புத்தூர்
8.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

மிஷின் மேல் தப்பில்லை, என் மேல்தான். எந்த எண்ணில் வைப்பது என்று எழுத மறந்துவிட்டேன். ரொம்ப நைசாகப் போனால் தூள் சேறு மாதிரி அடைத்துக்கொள்ளும். எட்டில் வையுங்கள். டிகாக்‌ஷன் விறுவிறுவென்று இறங்கித் தண்ணியாக இருந்தால் ஏழு. இறங்கவே இல்லையென்றால் ஒன்பது. கரண்டிக் காம்பைத் தண்ணீரில் தொட்டுக் கொட்டையை ஒரு கிளறு கிளறிவிட்டு அரைத்தால் தூள் ஒட்டாது. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

பிரகதீஸ்வரி அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

பிளெஸ்ஸி


ஆவுடையார்கோவில்
22.7.2024

பிளெஸ்ஸிக்கு,

ஏழுதான் சரி. முதல் டம்ளரைக் குடித்த கையோடு இன்னொன்றும் போட்டுக்கொண்டேன். வேறு என்ன எழுத? வாசனை தெருவரைக்கும் போய், பிரகதீஸ்வரி கூப்பிடாமலே வந்தாள். "யாருக்கா வாங்கிக் குடுத்தா?" என்று கேட்டாள். நானே வாங்கினேன் என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் உன் பெயரைச் சொல்லாமல் விட்டது அன்று பூராவும் உறுத்திக்கொண்டே இருந்தது.

சந்தோஷம் பத்து நாள்தான். நேற்றுக் காலை 'கடக்' என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. மறுபடியும் கழனித்தண்ணிதான்.

அமுதவல்லி


கோயம்புத்தூர்
26.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், மோட்டார் கருகிவிடும். கம்பெனி ஆள் திருச்சியிலிருந்து வர வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். என் அப்பா கட்டுமாவடியில் போட் இன்ஜின் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை ஒன்றாம் தேதி உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் கை பட்டால் ஓடாத மிஷின் கிடையாது.

பிளெஸ்ஸி


ஆவுடையார்கோவில்
30.7.2024

பிளெஸ்ஸிக்கு,

உன் அப்பா வர வேண்டாம். யாரைக் கேட்டு ஏற்பாடு செய்தாய்? மிஷின் ஓடாவிட்டால் போகட்டும். இந்தக் கடிதம் வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வராது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அமுதவல்லி


ஆவுடையார்கோவில்
2.8.2024

பிளெஸ்ஸிக்கு,

வந்துவிட்டார்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு வாசலில் மொபெட் நின்றது. "வணக்கங்க, பிளெஸ்ஸியோட அப்பா. மிஷினு எங்கிட்டுங்க இருக்கு?" என்றார். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து கால் மணியில் அக்கக்காகக் கழற்றிவிட்டார். பல்சக்கரத்துக்கு நடுவில் பயறு அளவு ஒரு கல். "கொட்டையோட வந்துருக்குங்க. ஸ்டீல் பல்லு, அதனால தப்பிச்சுது" என்று சொல்லிப் பூட்டி ஓட்டிக் காட்டினார்.

ரிப்பேர் பார்த்தவரைக் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? கொடுத்தேன். பாதி குடித்ததும் அவரே ஆரம்பித்தார்.

"நானும் இந்தக் கல்யாணம் வேண்டாம்னுதாங்க சொன்னேன். ஒங்க பையனுக்குக் குடுக்க எனக்கு இஷ்டமே இல்ல."

எனக்குச் சுரீரென்றது. "எம் புள்ளைக்கு என்னங்க கொறச்சல்?" என்று கேட்டுவிட்டேன்.

"அததாங்க நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன், எம் புள்ளைக்கு என்ன கொறச்சல்னு" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன்.

அப்புறம் சொன்னார்: "நீங்க பேசாம இருந்தீங்க. நான் பேசக்கூடாததையெல்லாம் பேசிப்புட்டேன். ஆறு மாசம் மக வீட்டுப் பக்கமே போகல. ஒரு நா தாங்க முடியாம பஸ் ஏறிப் போயிக் கதவத் தட்டுனேன். ஒங்க பையன்தான் தொறந்தாரு. வாங்க மாமான்னாரு. காப்பி போட உள்ள போயிட்டாரு. ஏன் வரலைன்னு ஒரு கேள்வி கேக்கலைங்க."

சிவபிரகாஷுக்குக் காப்பி போடத் தெரியும் என்பதே நேற்றுதான் எனக்குத் தெரியும். இங்கே இருந்தவரை டம்ளரை எடுத்துக் கழுவினவன் இல்லை. மூன்று வருஷத்தில் அவன் எப்படியெல்லாம் மாறியிருக்கிறான் என்று வேறொருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் அப்பா இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அமுதவல்லி


கோயம்புத்தூர்
7.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. 'வர வேண்டாம்' என்பதை முதலில் பிரித்துவிட்டு, அடுத்ததை நின்றபடியே பிரித்தேன். படித்து முடித்து அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று நான் வருவதற்குள் அவர் தபாலை எடுத்துவிட்டார். உங்கள் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? பிரிக்கவில்லை. உறையில் என் பெயரை நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "எத்தனை நாளா?" என்றார். ஜூனிலிருந்து என்றேன். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பாட வராது. உங்களுக்குத் தெரியுமே.

பிளெஸ்ஸி


ஆவுடையார்கோவில்
12.8.2024

அன்புள்ள பிளெஸ்ஸிக்கு,

வருகிற இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை புறப்பட்டு வருகிறேன். திருச்சியில் பஸ் மாறி, சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். பத்து நாள் இருப்பேன். சௌகரியப்பட்டால் கூடவும் இருப்பேன். வீட்டுச் சாவி பிரகதீஸ்வரியிடம். கொட்டை கிளறும் முறையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். உன் பெயரையும் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டில் இன்ஸ்டன்ட் காப்பிதான் என்று சம்பந்தி சொன்னார். ஊருக்கெல்லாம் மிஷின் பார்த்துக் கொடுக்கிறவள் வீட்டில் இதுவா லட்சணம்? வந்ததும் ஒன்று வாங்குவோம். நாலு கடை ஏறி இறங்கினாலும் பரவாயில்லை. நானும் கூட வருகிறேன்.

சிவபிரகாஷிடம் சொல்லிவிடு. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு நீ மட்டும் வா. அவன் நின்றால் அவனிடமே பேசிக்கொண்டு இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. என்னைப் பார்த்ததும் நீ முதலில் பேசிவிடாதே. பேச்சை நிறுத்தினது நான். நானே ஆரம்பிக்கிறேன்.

உன் அத்தை,
அமுதவல்லி