அங்கை ஆர் இருக்கினம்?

2006 யூலை 2, ஞாயிறு. மோர்டென்ஸ்ருட்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், இங்கே எங்கள் ஆக்களுக்கெல்லாம் பெரியவரான அண்ணை பிடித்துக்கொண்டார். நாங்கள் படுக்கையும் அடுப்பும் உள்ள வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இந்த நாட்டின் வடகோடியில் உள்ள பின்மார்க் வெட்டைவெளிக்குப் போகப்போவது அவர் காதுக்கு எட்டிவிட்டது.

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை. அதுக்குத்தான் போறம்.”

அது அவர் காதில் விழவே இல்லை. “அங்கை வார்டோ எண்ட ஊரிலை எங்கட ஆக்கள் இருக்கினம். நான் கதைச்சிட்டன். அவையின்ரை வீட்டிலை நில்லுங்கோ. வீடு வாசல் உள்ள சனம் வானுக்கை படுக்குமே?”

பக்கத்தில் நின்ற என் மனுசன் தலையாட்டுகிறார்! திரும்பி வரும்போது காரில், “அண்ணை சொல்லிப்போட்டார், ஒரு கிழமை நிண்டிட்டு வருவமே?” என்று வேறு கேட்டார்.

கலியாணம் கட்டிய நாள்முதல் விடுமுறை என்றால் இலண்டனிலோ பாரிசிலோ யாரோ ஒருவருடைய ஹோலில் படுத்து, அவர்களுடைய குசினியில் நின்று சமைத்ததுதான். இந்த முறை ஏலாது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடும் தெரியாத இடத்தில் வானை நிறுத்தி, எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கப்போகிறேன். மான்கள் வந்து எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.

வரைபடத்தை விரித்து, வார்டோப் பக்கமே போகாத வீதி ஒன்றில் கோடு போட்டுவிட்டேன். இவர் வரமாட்டேன் என்றால்… அதை நாளைக்கு யோசிப்போம்.

வார்டோவில் கோழிக்கறி காய்ச்சித்தான் வைத்திருப்பார்கள். வேண்டுமென்றால் இவர் பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிடட்டும். வான் என் பெயரில் எடுத்தது. ஓட்டப்போவதும் நான்தான்.