வீட்டில் தமிழுக்குத் தடை

3.11 திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. சுங்கை சோ சாலையில் வாகன ஜேம். அரை நாள் லீவு. மகள் கயலை ரவாங் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். மூன்று வயதாகியும் 'ம்', 'ஆ' தவிர ஒன்றுமில்லை. காது நன்றாகத்தான் இருக்கிறதாம். தமிழ் டாக்டர். "வீட்ல தமிழ், டிவியில மலாய், போன்ல இங்கிலீஷ். புள்ள கொழம்பிருச்சு. இனிமே இங்கிலீஷ் மட்டும்." என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டிவிட்டார்.
பேம்பர்ஸ், வெங்காயம் வாங்க மறந்தாச்சு.

4.11 செவ்வாய்
"கயல், கம். ஈட்." அப்புறம்? ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷ் மெயில்தான். சோறு ஊட்டும்போது ஒரு வார்த்தை வரவில்லை. தங்கமே, கண்ணே என்பதை "மை கோல்டு, மை ஐ" என்று கொஞ்சிப் பார்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவருக்கும் பேச்சில்லை. வீடே வெறிச்சென்று.
கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தா, எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்த தாத்தா, அப்பா, நான். என்னோடு தமிழுக்குக் கடையைச் சாத்த வேண்டியதுதானா? கோபம் கோபமாக வருகிறது. ஆனால் பிள்ளை பேசினால் போதும். எந்த மொழியானாலும் சரி.

5.11 புதன்
பகலில் கயலைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுச் சீனர், லிம் ஆன்டி. அவருடைய அப்பா ராசா ஊர்ப் பக்கம் எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவர். ஆன்டி லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழில் சண்டை போட்டால் நான் நிற்க முடியாது. தமிழ் வேண்டாம் என்று சொன்னேன்.
"அப்போ என்னா பேச? மூஞ்சிய பாத்துகிட்டு ஒக்காரவா?" முகம் சுருங்கிவிட்டது. "சரி லா. ஒம் புள்ள."

10.11 திங்கள்
கிளினிக் கடிதத்தோடு அரசு ஆஸ்பத்திரி. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண், சின்ன வயது. கயலோடு தரையில் உட்கார்ந்து நெடுநேரம் விளையாடினாள். மொழிகளால் பிள்ளை குழம்பாதாம். எது தானாக வருகிறதோ அதையே பேசணும், நிறையப் பேசணும், பயிற்சிக்கும் வரணும். "தமிழா?" திரும்பத் திரும்பக் கேட்டேன். "தமிழ், தமிழ்" என்று சிரித்தாள்.
கார் பார்க்கில் அழுதேன். வழியெல்லாம் தங்கம், பட்டு, செல்லக்குட்டி. அப்பாடா.
ஆன்டியிடம் சொல்லணும்.

15.11 சனி
நல்ல வெயில். ஆன்டியிடம் இன்னும் சொல்லவில்லை, தினமும் மறந்துபோகிறது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆன்டி வீட்டுக் கோழிகள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து கயலின் பிஸ்கட்டைக் கொத்தப் பார்த்தன. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கயல்: "ஏய்! போ! சனியனே, போ!"
கையிலிருந்த துணி மண்ணில். வீட்டுக்காரர் வாயெல்லாம் பற்பசை நுரையோடு ஓடிவந்தார். "மொத பேச்சே திட்டா?" சிரிப்பும் அழுகையுமாக இரண்டு பேரும்.
அந்தக் குரல் அச்சு அசல் ஆன்டி. வேலிக்கு அந்தப் பக்கம் அவரே நின்றுகொண்டிருந்தார்.
"ஏன் ஆன்டி, அன்னிக்கு வேணாம்னு சொன்னேன்ல? அப்பவும் பேசினீங்களா?"
"புள்ளகிட்ட பேசல லா. கோழிகிட்டதான் பேசினேன். கோழிக்கு இங்கிலீஷ் தெரியாதே."
கயல் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டட்டும்.