பெயர் போடாத எடுத்துக்காட்டு

ஜனவரி 14

மைனஸ் இருபத்தொன்று. எங்கள் கார் கிளம்ப மறுத்துவிட்டது. மெர்வின் தன் வண்டியில் வந்து என்னை ஊராட்சிக் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். ஊராட்சித் தலைவரே வாசலில் நின்று "டீச்சர், கெளம்பலாமா?" என்று கேட்பது எனக்கு இன்னும் பழகவில்லை. நாலாம் வகுப்பில் பனிக்காலணியை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு அழுதவன் அவன்.

இன்று ஸ்கேட்டிங் திடலை மூடினோம். காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் ஒரு மணி நேரம் பேசினார். வேலி வேண்டும், காவலாள் வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். மூவாயிரம் பேர்கூட இல்லாத கெல்பர்னில் காவலாளுக்கு எங்கே போவது? ஐந்து உறுப்பினர்களும் கையைத் தூக்கினோம். நானும்தான்.

"எனக்கு அந்தாளு மேல கோவம் இல்ல டீச்சர். சட்டத்து மேலதான்" என்றான் மெர்வின். "நாலு பேரு சேந்து தப்பு பண்ணா, எவன்கிட்ட காசு இருக்கோ அவன் எல்லாத்தையும் கட்டணுமாம். அந்த எவன் எப்பவும் ஊராட்சிதான். ஒரு பர்சன்ட் தப்புன்னாலும் நாமதான் மாட்டறோம்." மாகாண அரசு இதைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டுமாம். "நீங்கதான் எழுதணும். பின்னத்த என் மண்டையிலயே ஏத்தினவங்க நீங்க. அமைச்சர் எம்மாத்திரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். மறைப்பானேன்.

ஜனவரி 19

வரைவு எழுதினேன். மூன்று பிள்ளைகள் பந்தடித்து ஒரு சன்னலை உடைக்கிறார்கள். இருவர் பையில் ஒன்றுமில்லை. மூன்றாமவன் பந்தை எடுத்துக் கொடுத்ததோடு சரி, ஆனால் அவனிடம் உண்டியல் இருக்கிறது. முழுச் சன்னலும் அவன் தலையில். நல்ல எடுத்துக்காட்டு என்றுதான் நினைத்தேன்.

ஊராட்சிச் செயலர் பெர்னிஸ் தொலைபேசியில் கொட்டாவி விட்டாள். "நோரீன், மத்த ஊருங்க அனுப்பற தீர்மானம் மாசம் நாப்பது வருது எனக்கு. சன்னல் கதைய எவ படிப்பா? நெஜமா நடந்தத எழுது. எட்டாம் லைன் ரோட்டு விபத்து இருக்கே."

இருக்கிறது.

ஜனவரி 20

எழுதிவிட்டேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாலை, உறைமழை, எட்டாம் லைன் வளைவு. எங்கள் ஊர்ப் பையன் ரோரி குடித்துவிட்டு ஓட்டினான். பக்கத்தில் என் பழைய மாணவி தெஸ்ஸா குயிக்லி. அவனுக்குக் கை முறிந்தது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. நீதிமன்றம் தவறைப் பங்கிட்டது: ஓட்டிய ரோரிக்கு எண்பது, தெரிந்தே ஏறிய தெஸ்ஸாவுக்குப் பத்து, வளைவில் எச்சரிக்கைப் பலகை இல்லாததால் ஊராட்சிக்குப் பத்து. ரோரியின் காப்பீடு பெயருக்குத்தான் இருந்தது. அவன் பங்கில் மீதியெல்லாம் நம் தலையில் வந்தது; அவள் பராமரிப்புக்காக ஆண்டுதோறும் கட்டி வருகிறோம்.

பெயர் போடவில்லை. "குடித்திருந்தவர் ஓட்டிய காரில் சென்ற ஓர் இளம்பெண்" என்று மட்டும் எழுதினேன்.

என் கணவர் வில்ஃப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "போர்டு விஷயம்?"

"'பலகை இல்லாததால்'னு போட்டிருக்கேனே."

"யாரால இல்லாம போச்சுன்னு போடலியே."

தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். பனி அள்ளும் வண்டி இடித்துச் சாய்த்த பலகையை மாற்ற வேண்டும் என்று சாலை மேற்பார்வையாளர் அந்த நவம்பரில் கேட்டார். வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தோம். முன்மொழிந்தவர்: நோரீன் டால்மன். விபத்து நடந்தபோது வசந்தம் வர மூன்று வாரம்தான் இருந்தது.

தெஸ்ஸாவுக்கும் இது தெரியும். வழக்கில் கூட்டக் குறிப்பைப் படித்தார்கள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி இதுவரை பேசியதில்லை.

பிப்ரவரி 11

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பெர்னிஸ் ஒரே பொத்தானில் மாகாணத்தின் நானூற்றுச் சொச்சம் ஊராட்சிகளுக்கும் அனுப்பிவிட்டாள்.

மார்ச் 11

முப்பத்தொரு ஊர்கள் "ஆதரிக்கிறோம்" என்று எழுதியிருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கள் தீர்மானத்தை முழுதாக எடுத்துப்போட்டு, கீழே தங்கள் கையெழுத்தை வைக்கிறது. கூட்டத்தில் பெர்னிஸ் ஊர்ப் பெயர்களை வாசிக்கும்போது, பரிசளிப்பு விழாவில் என் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வாசிப்பதுபோல் இருந்தது.

மார்ச் 25

அறுபத்துநான்கு. ஆனால் வாசகம் மாறிக்கொண்டு வருகிறது. ஒவ்வோர் ஊரும் கொஞ்சம் காரம் சேர்க்கிறது. ஓர் ஊர் "குடிகாரனென்று தெரிந்தும் விரும்பி ஏறிய பெண்" என்று எழுதியது. அதைப் படித்த அடுத்த ஊர் "லாட்டரி அடித்ததுபோல் பணம் கிடைத்தது" என்று சேர்த்தது. அடுத்து வந்த ஒன்பது ஊர்களும் அதையே எழுதிவிட்டன.

நான் எழுதியதல்ல. ஆனாலும் என் எழுத்தின் மேல்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 3

எப்படி இது என் மண்டையில் ஏறவில்லை? எப்படி?

நூலகத்துக்குப் போனேன். தெஸ்ஸா அங்கே வாரம் மூன்று நாள் வேலை பார்க்கிறாள். ஊராட்சிக் கூட்டத்தின் தாள்களெல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு ஒரு படி நூலகத்துக்குப் போகும். வந்ததும் துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பது அவள் வேலை. இருபது ஆண்டு உறுப்பினராக இருக்கும் எனக்கு இது தெரியாதா? தெரியும். ஜனவரியிலிருந்து ஒருநாளும் நினைக்கவில்லை.

அவள் துளைக்கருவியை அழுத்திக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர். இது எழுபத்தொண்ணாவது ஊரு. இதுலயும் லாட்டரி. இந்த ஊரு எங்க இருக்குன்னே தெரியல. ஆனா அவங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்கு."

"பேர் போடலியேம்மா" என்றேன். அறுபது வயதுக்கு மேல் ஒருத்தி சொல்லக்கூடிய மிக மட்டமான பதில்.

"கெல்பர்ன்ல சக்கர நாற்காலில எத்தன பேர் இருக்கோம்? நானும், கிழவர் ஹோகனும். இளம்பெண்ணுன்னு அவரை யாரும் நெனைக்க மாட்டாங்க."

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், ஐயோ. பிறகு அவள் சிரிக்கவில்லை.

"கோர்ட்டுல எனக்குப் பத்து போட்டாங்க, உங்களுக்குப் பத்து போட்டாங்க. நீங்களும் நானும் ஒரே மார்க். என் பத்த நான் தினம் சுமக்கறேன். சட்டம் மாறி, ஊருக்குப் பத்து கட்டினா போதும்னு ஆச்சுன்னா, அந்த எண்பத யாரு தருவா? தீவன மில்லுல மூட்ட தூக்கற ரோரியா? எனக்குக் காலைல எழுப்பி உட்கார வைக்க ஆள் வேணும் டீச்சர். கணக்கு நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். போட்டுப் பாருங்க."

புத்தகத்தை எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8

போட்டுப் பார்த்தேன். மெர்வின் சொல்வதும் சரி. தெஸ்ஸா சொல்வதும் சரி. திடல் பூட்டித்தான் கிடக்கிறது. அவளுக்கு ஆள் வேண்டியும்தான் இருக்கிறது. முப்பத்துநாலு ஆண்டு கரும்பலகையில் இப்படியொரு கணக்கை நான் எழுதியதே இல்லை.

ஏப்ரல் 22

அந்த எடுத்துக்காட்டை நீக்கவேண்டும் என்று இன்று திருத்தம் கொண்டுவந்தேன். "வழிமொழிபவர் யார்?" என்று மெர்வின் கேட்டான்.

யாருமில்லை. வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் பேசப்படாமலே விழுந்துவிடும். குறிப்பில்கூட ஒரு வரிதான்.

வெளியே வந்ததும் மெர்வின் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். "தப்பா நெனைக்காதீங்க. நூறு ஊரு நம்ம பின்னாடி வந்துடுச்சு. இப்ப போயி 'சும்மா சொன்னோம்'னா?" பெர்னிஸ், "எடுத்தாலும் புண்ணியமில்ல நோரீன், அவங்க தீர்மானம் அவங்களோடது" என்றாள்.

மே 10

தெஸ்ஸாவே கூப்பிட்டாள். "ஒருத்தரும் வழிமொழியலியாமே? பாவம். வாங்க, டீ போடறேன்." வெண்ணெய் டார்ட் ஒரு டஜன் சுட்டு எடுத்துப் போனேன். தனக்குப் பிடிக்காத திராட்சையைப் போட்டதற்குத் திட்டினாள். "இதுக்கே உங்க மேல கேஸ் போடலாம்."

பலகையைப் பற்றி நானே பேச்சை எடுத்தேன். ஆறு ஆண்டுக்குப் பிறகு. "நான்தான் தள்ளிவெச்சேன், தெஸ்ஸா." "தெரியும்" என்றாள். அவ்வளவுதான். பிறகு அவளே தொடர்ந்தாள்.

"விபத்து அன்னைக்கு ரோரியோட அப்பாவ அடக்கம் பண்ணி நாலு நாள். ரோரி அழுதுட்டே வண்டிய எடுத்தான். குடிச்சிருக்கான்னு தெரியும். சாவியப் புடுங்கப் பாத்தேன், முடியல. நான் பக்கத்துல இருந்தா மெதுவா ஓட்டுவான்னு நெனைச்சேன். அதான் ஏறினேன்." டீயை ஆற்றினாள். "அவன் அழுதத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. வக்கீல்கிட்டகூட."

பனி விழுந்த காலைகளில் ரோரி வந்து அவள் வீட்டுச் சக்கர நாற்காலிச் சாய்தளத்துப் பனியை அள்ளிப்போட்டுவிட்டுப் போவானாம். உள்ளே வரமாட்டான், பேசமாட்டான். "நான் சன்னல்ல இருந்து பாக்கறேன்னு அவனுக்குத் தெரியும். அது போதும் எங்களுக்கு."

பல ஆண்டுகளுக்குப் பிறகு லேசான மனதோடு வீடு வந்தேன்.

ஆகஸ்ட் 19, ஒட்டாவா

ஊராட்சிகளின் மாநாடு. அமைச்சரைப் பார்க்கப் பதினைந்து நிமிடம் தந்திருந்தார்கள். அமைச்சர் வரவில்லை, அவருக்குப் பதிலாக ஓர் இளம் சட்டமன்ற உறுப்பினர். மெர்வின் நன்றாகப் பேசினான். திடலைச் சொன்னான், தீயணைப்புப் படைத் தொண்டர்களைச் சொன்னான். எனக்கே பெருமையாக இருந்தது. அந்த இளைஞர் தாளைப் புரட்டிவிட்டு, "ஓ, அந்த லாட்டரிப் பொண்ணு கேஸா?" என்றார். சிரித்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். பலகையைத் தள்ளிவைத்தது நான்தான் என்று சொன்னேன். அந்தப் பெண் ஏன் ஏறினாள் என்று சொன்னேன். நாலு நாளுக்கு முன் தகப்பனைப் புதைத்தவன், அழுதுகொண்டே ஓட்டியவன், பக்கத்தில் இருந்தால் மெதுவாகப் போவான் என்று நம்பி ஏறியவள் - எல்லாம். "மனசத் தொட்டுட்டீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 20

ஐந்து மணி நேரப் பயணம். காபிக்கு நிறுத்தியபோதுதான் மெர்வின் பேசினான். "நீங்க சொன்னது நெஜம் டீச்சர். அதுல ஒண்ணும் இல்ல. ஆனா 'தப்பு எங்களோடது'ன்னு சொன்ன ஊரு பேச்ச இனிமே எவன் கேப்பான்?"

அவனுக்கு நியாயம். ஆனாலும் நேற்று நான் செய்தது சரி என்றே படுகிறது.

ஆகஸ்ட் 28

சரியில்லை.

பெர்னிஸ் மாநாட்டு அறிக்கையை எழுதியிருக்கிறாள். வழக்கப்படிதான் எழுதினாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. "உறுப்பினர் டால்மன் கூறியதாவது" என்று அத்தனையும் இருக்கிறது. ரோரியின் அப்பா, அழுகை, சாவி. அது வழக்கப்படியே நூலகத்துக்கும் போயிருக்கிறது.

தெஸ்ஸா என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. கதவிடுக்கில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு பேசினாள்.

"உனக்காகத்தாம்மா பேசினேன். அவன் சிரிச்சான், அதான்…"

"மொத தடவ எங்கிட்ட கேக்கல. சரி, தெரியாம செஞ்சீங்க. இந்தத் தடவ கேட்டீங்களா?"

அவள் கதவுப்பிடியை விடவில்லை.

"டீயோட சொன்னேன் டீச்சர். உங்களுக்கு மட்டும். நீங்க அதையும் எடுத்துட்டுப் போயி விளக்கிட்டு வந்துட்டீங்க. ரோரியோட அம்மா கடைல அது வந்த பேப்பர எடுத்துப் பாத்துட்டு அழுதாங்களாம்."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

செப்டம்பர் 2

என்னிடம் எவர் எதைச் சொன்னாலும் அது எனக்குப் பாடமாகிவிடுகிறது. வகுப்பில் அது நல்ல குணமாக இருந்தது. பிள்ளைகள் வீட்டுக் கதையைச் சொன்னால் அடுத்த வகுப்பில் அதையே கணக்காக்கிக் கொடுப்பேன், அவர்களும் சிரிப்பார்கள். எல்லோருமா சிரித்தார்கள்? இப்போது யோசிக்கிறேன்.

இன்று தட்டுகளை வில்ஃபே கழுவினார்.

செப்டம்பர் 19

ரோரி மில் வேலையை விட்டுவிட்டு மேற்கே, ஆல்பர்ட்டாவுக்குப் போய்விட்டானாம். யாரிடமும் சொல்லவில்லை. தெஸ்ஸாவிடமும் சொல்லியிருக்க மாட்டான். அவர்கள்தாம் பேசிக்கொள்வதில்லையே.

அவளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு வந்து நின்றது. கிழித்துவிட்டு, "நான் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

அக்டோபர் 14

மாகாண அரசின் பதில் வந்தது. ஒன்றரைப் பக்கம். "அனைத்துத் தரப்பினரோடும் தொடர்ந்து கலந்தாலோசிப்போம்." சட்டம் அப்படியேதான் இருக்கிறது. நூற்று நாற்பது ஊர்கள் எழுதியதற்கு இதுதான் பதில்.

தெஸ்ஸாவுக்கு அவளுக்கு வரவேண்டியது தொடர்ந்து வரும் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மெர்வின் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதிக்கே வெட்கப்பட்டேன்.

அக்டோபர் 30

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. தெஸ்ஸா நூலக வேலையை விட்டுவிட்டாள். பக்கத்து ஊர் நூலகத்தில் சேர்ந்திருக்கிறாளாம். கையாலேயே ஓட்டும்படி மாற்றிய வேனில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும்.

நவம்பர் 18

முதல் பெரிய பனி. மண்வெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு, விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். சாய்தளம் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. ஏதோ நிறுவனத்துக்கு மாதக் கூலி கொடுத்து ஏற்பாடு செய்திருக்கிறாள். சட்டை முதுகில் பெயர் போட்ட ஒரு முன்பின் தெரியாத ஆள், காதில் பாட்டோடு, உப்புத் தூவிக்கொண்டிருந்தார். நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது எதிரே அவளுடைய நீல வேன் வந்தது. முன்பெல்லாம் என்னைக் கண்டால் நடுச்சாலையிலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கும்வரை பேசுவாள். நான் வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியையும் இறக்கினேன்.

இந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போவோம்.

தெஸ்ஸா விரலைத் தூக்கினாள். போய்விட்டாள்.