மீன் கடை ஐஸ்

டீச்சர்,

இன்று காலையில் பேத்தி ஒரு ஐஸ் துண்டைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். மகன் அனுப்பிய காசில் போன வாரம் வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு இதுதான் விளையாட்டு. "எண்ணுங்க தாத்தா, எத்தன வரைக்கும் புடிப்பீங்கன்னு பாப்போம்" என்றாள். மூன்று எண்ணுவதற்குள் கையை உதறிவிட்டேன். "அய்யே, தாத்தா தோத்துட்டாரு" என்று சிரித்தாள். நான் கையை உதறியது குளிரால் இல்லை, டீச்சர். அது உங்களுக்குத் தெரியும்.

எனக்குக் கைநாட்டுதான். பேத்தி படிப்பது சிங்களப் பள்ளிக்கூடம், அவளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் என் மருமகள் சுமதி. அன்றைக்கு உங்களை எல்லோரையும்விட அதிகமாக ஏசியவள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பது அவள்தான். எந்த வரியில் பேனாவை வைத்துவிடுவாளோ தெரியாது. அதுவரைக்குமாவது சொல்லிவிடுகிறேன்.

அது சில வருஷத்துக்கு முந்திய ஒரு தை மாதம். ரப்பர் பால் வெட்டிலிருந்து என்னை நிறுத்தியபிறகு, அம்மாமார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குத் தண்ணீர் தூக்குவதும் வாசல் கூட்டுவதும் என் வேலையாக இருந்தது. நீங்கள் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் வைத்திருந்தீர்கள், என் பேத்தியும் அதில் ஒருத்தி. என் மகன் ருமேனியாவுக்குப் போய் இரண்டு மாதம். அங்கிருந்து போனில் ஒரு படம் அனுப்பினான். முழங்கால் வரைக்கும் வெள்ளை, அதற்குள் நிற்கிறான். பேத்தி அதைப் பார்த்துவிட்டு வந்து உங்களிடம், "டீச்சர், எங்கப்பா பஞ்சுக்குள்ள நிக்கிறாரு" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தன. நீங்கள் சிரிக்கவில்லை. "அது பஞ்சு இல்லம்மா, பனி. இந்த வாரம் பூரா நம்ம அத பாப்போம்" என்றீர்கள்.

அந்த வாரத்தை என்னால் மறக்க முடியாது. கறுப்புத் தாளில் பஞ்சை ஒட்டப் பசை இல்லை என்றீர்கள். நான் ஒரு சிரட்டையில் ரப்பர் பால் கொண்டுவந்து வைத்தேன். பிள்ளைகளின் விரல், முடி, சட்டை எல்லாவற்றிலும் பால் ஒட்டிக்கொண்டது. வெள்ளைத் தாளை மடித்துப் பனிப்பூ மாதிரி வெட்டி ஜன்னலில் தொங்கவிட்டீர்கள். காகிதத்தில் ஒரு அப்பாவை வரைந்து, "இவருக்குக் குளிருது, என்ன போடலாம்?" என்று கேட்டீர்கள். நம் பிள்ளைகள் சுவெட்டரை எங்கே கண்டன? ஒருத்தி மழைக்குப் போடும் பொலித்தீனை வரைந்தாள். ஒரு பயல் இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கை வரைந்துவிட்டான். "ருமேனியாவுல படங்கு கட்டிக்கிட்டுப் பால் வெட்டுறாரு போல" என்று நான் சொன்னேன். நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

அன்றுதான் நான் சொன்னேன், நம் பக்கத்திலும் ரப்பர் மரம் தையில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், அது மரத்தின் குளிர்காலம் என்று. நாற்பது வருஷம் அந்த மரங்களுக்கு நடுவே நடந்தவன் நான். நீங்கள் அதைப் பெரிய சங்கதி மாதிரிக் கேட்டீர்கள். "அடுத்த வாரம் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போய் எல பொறுக்குவோம். செவப்பு வேற, மஞ்சள் வேறயா பிரிக்கட்டும். நீங்கதான் பாடம் சொல்லணும் தாத்தா" என்றீர்கள். என்னைப் பாடம் சொல்லச் சொன்ன முதல் ஆள் நீங்கள்.

ஆனால் என் பேத்தி ஒரே கேள்வியில் நின்றாள். "அப்பாவுக்கு எவ்வளவு குளிரும் டீச்சர்?" படத்தைக் காட்டினாலும் கேட்டாள், பஞ்சைக் காட்டினாலும் கேட்டாள். "தொட்டுப் பாக்காதத புள்ளைங்க நம்பாது தாத்தா" என்று என்னிடம் குளிர் போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கொடுத்தீர்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் கேகாலை டவுனுக்குப் போய் ஐஸ் வாங்கி வரச் சொன்னீர்கள். "ஜூஸ் கடையில குடிக்கிற தண்ணி ஐஸ் இருக்கும், கேட்டு வாங்குங்க. மீன் கடையில மட்டும் வேணாம். புள்ளைங்க எப்படியும் வாயில வச்சிடும்." இரண்டு தரம் சொன்னீர்கள். நான் இரண்டு தரம் தலையாட்டினேன்.

ஜூஸ் கடை பூட்டிக் கிடந்தது. திறக்க ஒன்பதரை ஆகும் என்றார்கள். திரும்பி வரும் பஸ் புறப்பட நின்றது. அதை விட்டால் அடுத்தது பதினொன்றுக்கு, அதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடும். வெறும் பெட்டியோடு போனால் பேத்தியின் முகம் எப்படி இருக்கும் என்றுதான் நினைத்தேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மீன்காரர் ஐஸ் போட்ட மீன் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "ஐஸ் விதரய்த? மாலு எப்பாத?" என்று சிரித்தார், மீன் வேண்டாமா, ஐஸ் மட்டுமா என்று. "அரகென யன்ன சீயா", எடுத்துட்டுப் போங்க தாத்தா என்று ஒரு கட்டியைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டார்.

தோட்டத்தில் இறங்கியதும் பீலியில் கொட்டும் தண்ணீரில் ஐஸை மூன்று தரம் கழுவினேன். மோந்து பார்த்தேன், வாடை இல்லை. இவ்வளவு குளிரில் அழுக்கு எப்படி உயிரோடு இருக்கும் என்று என் புத்திக்குப் பட்டது. நீங்கள் வாசலிலேயே கேட்டீர்கள், "ஜூஸ் கடைதானே தாத்தா?" என்று. "ஆமாங்க டீச்சர்" என்றேன்.

பேசினில் ஐஸை வைத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தீர்கள். ஆளுக்கு ஒரு துண்டு. எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். நாலு, அஞ்சு என்று ஒவ்வொருத்தராகக் கத்திக்கொண்டு கீழே போட்டார்கள். என் பேத்தி மட்டும் போடவில்லை. பதினெட்டு, பத்தொன்பது. கை சிவந்துபோய்க் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "போதும்மா, போட்டுடு" என்றீர்கள். "எங்கப்பா போடலதானே" என்றாள். இருபத்தாறில் அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றதுகளும் போட்டுக்கொண்டன.

அன்று சாயங்காலமே மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி. விடிந்தபோது ஏழு பிள்ளைகளுக்கு. என் பேத்தி ஆஸ்பத்திரியில், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது.

காலையில் நான் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, நீங்கள் பீலியடியில் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தீர்கள். ஒரு மீன் செதில். என்னைப் பார்த்தீர்கள். "தாத்தா, ஜூஸ் கடைதானே?" என்று இன்னொரு தரம் கேட்டீர்கள். கோபமே இல்லாத குரல். நான் குடத்தை இறக்காமலே, "ஆமாங்க டீச்சர்" என்றேன். "சரி" என்று செதிலை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனீர்கள்.

நான் அதை எடுத்து என் வெற்றிலைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று.

பத்து மணிக்கு அம்மாமார் எல்லோரும் வந்தார்கள். சுமதி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாள். "எம்புருசன் அங்க பனியில கெடக்குறது பத்தாதா? எம்புள்ளையையும் ஐஸ்ல வச்சுக் கொல்லப் பாக்குறியா? நீயெல்லாம் ஒரு டீச்சரா? உனக்கொரு புள்ள இருந்தா இப்படிச் செய்வியா?" என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக ஏறியவர் நீங்கள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"எங்க வாங்குன ஐஸ்?" என்று யாரோ கேட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். சுமதி வீட்டில்தான் எனக்குச் சோறு, அந்தப் பிள்ளைதான் எனக்கு உயிர். வாயைத் திறந்தால் இரண்டும் போய்விடும் என்று தோன்றியது. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் வாங்கச் சொன்னேன். நான்தான் புள்ளைங்க கையில குடுத்தேன். தப்பு என்னோடதுதான்" என்றீர்கள்.

இந்த இடத்தில் சுமதி பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள், டீச்சர்.

வெகுநேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "இத்தன வருசமா ஏன் மாமா சொல்லல?" என்றாள். அவள் பேனாவை எடுத்து, "மிச்சத்தச் சொல்லுங்க" என்றாள்.

மிச்சம் கொஞ்சம்தான். இனி வரவேண்டாம் என்று தோட்ட ஆபீஸிலிருந்து ஆள் வந்து உங்களிடம் சொன்னார். இலை பொறுக்கும் பாடம் நடக்கவில்லை. அந்தத் தையில் இலையெல்லாம் கொட்டிய பாதையை நான் தனியாகக் கூட்டினேன். பிறகு ஒரு நாள் கேகாலை பஸ் ஸ்டாண்டில் உங்களைக் கண்டேன். கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்களோடு நின்றீர்கள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று கிட்டே வந்தேன். அதற்குள் நீங்கள், "புள்ள எப்படி இருக்கா தாத்தா? அப்பா லீவுல வந்தாரா?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்காங்க டீச்சர்" என்றேன். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு.

போன மாதம் நீங்கள் டெங்குவில் போய்விட்டீர்கள் என்று நாங்கள் இருக்கும் லயத்துக்குச் செய்தி வந்தது. சுமதி அரிசி களைந்துகொண்டே, "பாவந்தான். ஆனா அன்னைக்கு அந்தப் புள்ளைங்களுக்குச் செஞ்சத மறக்க முடியுமா?" என்றாள். செத்த பிறகும் என் தப்பை நீங்கள்தான் சுமக்கிறீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தத் தாளை உங்கள் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். சுமதி மாட்டேன் என்றாள். "குடுத்துட்டு வந்தா போதுமா? நான் அன்னைக்கு அத்தன பேரு முன்னாடிதானே பேசுனேன். ஞாயித்துக்கிழம பிள்ளைக் காம்பராவுக்கு எல்லாரையும் வரச் சொல்றேன். அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சு நானே வாசிக்கிறேன். நீங்க பக்கத்துல நிக்கணும் மாமா" என்றாள். நிற்பேன். இந்தத் தரம் கதவோரம் இல்லை.

வெற்றிலைப் பையை இரண்டு தரம் மாற்றிவிட்டேன். செதிலை மட்டும் பை விட்டுப் பைக்கு மாற்றி வைத்தேன். இப்போது எடுத்துச் சுமதியிடம் கொடுத்தேன். காய்ந்து சுருண்டு, நகத்துண்டு மாதிரி ஆகிவிட்டது. அவள் அதை இந்தத் தாளின் அடியில் ரப்பர் பால் தொட்டு ஒட்டியிருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் இருப்பது என் பெருவிரல்.